ஏழை என மெய்ப்பிக்க வேண்டுமா?

நியாயவிலைக் கடையின் முன் பையுடன் நிற்பவரிடம், ‘நீர் ஏழைதானா?’ எனத் தமிழ்நாட்டில் எவரும் கேட்பதில்லை. அரிசிக்கான குடும்ப அட்டை இருந்தால் போதும். இதனை நாம் இயல்பான ஒன்றாகவே கருதிவிட்டோம். ஆயின் இது தானாய் வந்ததன்று. அறம் சார்ந்த ஒரு தேர்வின் விளைவு.

1997 ஜூனில் நடுவண் அரசு பொது வழங்கல் முறையை மாற்றியமைத்தது. மக்கள் வறுமைக் கோட்டிற்குக் கீழே உள்ளோர், மேலே உள்ளோர் என இரு பிரிவாயினர். மலிவு விலைத் தானியம் முதன்மையாகக் கீழே உள்ளோர்க்கே என்றாயிற்று. தமிழ்நாடு அவ்வாறு பிரிக்காமல், அனைவர்க்குமான வழங்கலைத் தொடர்ந்தது. ஆட்சிகள் மாறின, இக்கொள்கை மாறவில்லை. 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்குக் கிடைத்த அரிசி, 2011 ஜூன் முதல் விலையின்றியே வழங்கப்படுகிறது.

‘மாடி வீட்டாருக்கும் இலவச அரிசியா?’ என்று சிலர் வினவுவர். இவ்வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எவ்வகை உதவியிலும் இருவகைப் பிழைகள் நேரும்: தேவையற்றவர் பெறுவது ஒன்று, தேவையுள்ளவர் விடுபடுவது மற்றொன்று. இரண்டும் ஒரே எடையுடையன அல்ல. முன்னதில் அரசு பணத்தை இழக்கிறது. பின்னதில் ஒரு குழந்தை பசியோடு உறங்குகிறது. கோட்டை எங்கே கிழிப்பது என்பதும் எளிதன்று. 2011இல் திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில், நகரில் நாளொன்றுக்கு 32 ரூபாயும் ஊர்ப்புறத்தில் 26 ரூபாயும் செலவிட இயன்றவர் வறுமைக் கோட்டைக் கடந்தவர் என்று கூறியபோது நாடே திகைத்தது.

இவற்றினும் ஆழமானது மாண்பு பற்றிய கேள்வி. தம் இல்லாமையை மெய்ப்பிக்க அலுவலர் முன் கைகட்டி நிற்பவர், உதவிக்கு விலையாகத் தம் தன்மானத்தைத் தருகிறார். எல்லார்க்கும் ஒரே வரிசை என்றால் அந்த விலை இல்லை. வேண்டாதோர் தாமே விலகிக்கொள்ளவும் வழியுண்டு. பொருள் பெறாத அட்டை நம்மிடையே உள்ளதே!

எனினும் இத்தேர்வில் நம் மாநிலம் எங்கும் உறுதியாய் நின்றதாகக் கூற இயலாது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்திற்கு ‘மகளிர் உரிமைத் தொகை’ என்று பெயர். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் பெற்ற அத்தொகைக்குக் குடும்ப வருமானம், நிலம், மின் நுகர்வு ஆகியவற்றில் வரம்புகள் விதிக்கப்பட்டன. நிதி வரம்புடையது என்பது உண்மையே. ஆனால் உரிமை என்று பெயரிட்டபின், அதனை விண்ணப்பித்துப் பெறுமாறு கேட்பதில் ஒரு முரண் உண்டு.

அப்படியாயின், உள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்தறியவே வேண்டாமா? வேண்டும், ஆனால் கொடுக்கும் இடத்தில் அன்று, வாங்கும் இடத்தில். உள்ளவரிடம் மிகுதியாய் வரி பெற்று, அனைவர்க்கும் ஒன்றாய் வழங்குவதே நேர்மை. இங்கேதான் மாநிலத்தின் கை குறுகியுள்ளது. வேளாண் வருமானம் நீங்கலாக, வருமான வரி விதிக்கும் அதிகாரம் அதற்கில்லை. பொருள்கள் மீதான வரியும் எரிபொருள் வரியும் மதுவின்வழி வரும் வருவாயுமே அதன் பெருந்தூண்கள். 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையையும் அரசு நிறுவனமே நடத்துகிறது. காலையில் விலையின்றி அரிசி வாங்கிய வீட்டிலிருந்து, மாலையில் கூலியின் ஒரு பகுதி அரசுக்கே திரும்பிச் செல்கிறது. இதனை இலவசம் என்று எப்படி அழைப்பது?

இனி நம்மையே கேட்டுக்கொள்வோம். மாநிலத்திற்கு உரிய நேர்மையான வருவாய்களுள் பத்திரப் பதிவுக் கட்டணமும் ஒன்று. மனை வாங்கும்போது கொடுத்த விலையை மறைத்துக் குறைத்து எழுதுகிறோம். கடையில் ரசீது வேண்டாமென்று சொல்லி வரியைத் தவிர்க்கிறோம். பின்னர் வீடு திரும்பி, ‘இலவசங்களால் நாடு கெடுகிறது’ என்கிறோம். ஏழையிடம் ஏழ்மைக்குச் சான்று கேட்குமுன், நம் செல்வத்திற்கு நாம் தந்த கணக்கு மெய்யானதா?