முன்னறைச் சூடு

கிழக்கு லண்டனில் இருக்கும் என் அக்கா மூன்று குளிர்காலம் தொலைபேசியில் ஒரே புகாரைச் சொன்னாள். "வீட்டுக்குள்ள குளிருதுட்டி." திருநெல்வேலியில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்த நான் மூன்று குளிர்காலமும் ஒரே பதிலைச் சொன்னேன். "லண்டன்னா குளிரத்தானே செய்யும்." அவள் சொன்னதில் 'வீட்டுக்குள்ள' என்ற சொல்லை நான் கேட்கவே இல்லை. தமிழில் முனைவர் பட்டம் பெற்றவள், சொல்லுக்குச் சொல் பொருள் பார்க்கும் தொழிலில் இருப்பவள், அந்த ஒரு சொல்லைத் தவறவிட்டேன்.

ஒருத்தி தன் உடம்பு உணர்வதைச் சொல்லும்போது அதை நம்புவது நமது கருணையா, கடமையா? இந்தக் கேள்வி எனக்கு எந்தத் தத்துவ நூலிலிருந்தும் வரவில்லை. ஒரு ரேடியேட்டரிலிருந்து வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வு வேலையாக லண்டன் போய் அக்கா வீட்டில் ஆறு வாரம் தங்கினேன். 1900களின் தொடக்கத்தில் கட்டிய வீடு. தெரு முழுக்க ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று. இடைவெளி விடாத கெட்டிச் செங்கல் சுவர். அந்தக் காலத்தில் அறைக்கு அறை கரி அடுப்பு எரிந்திருக்கிறது. பிறகு அதை அடைத்துவிட்டு எரிவாயு பாய்லர், செப்புக் குழாய், ரேடியேட்டர் என்று மாற்றியிருக்கிறார்கள். பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும். பம்ப் அதை அறை அறையாக அனுப்பும். ஆறிய தண்ணீர் திரும்பி வரும். சமையலறை பின்னால் நீட்டிக் கட்டியது. மூன்று பக்கம் வெளிச்சுவர். அதன் ரேடியேட்டர் குழாய் வரிசையில் கடைசி. மாடியில் பின்பக்க அறை அக்காவுடையது. முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்துவிட்டுக் காலை எட்டரைக்கு வந்து அங்கேதான் தூங்குவாள். கம்பளித் தொப்பியோடு தூங்குவாள். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

எனக்கு முன்பே இரண்டு மெக்கானிக்குகள் வந்து போயிருந்தார்கள். முதல் ஆள் பாய்லரைத் திறந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். இரண்டாவது ஆள் முன்னறையில் நின்று சுவரைக் காட்டினார். தெர்மோஸ்டாட்டில் இருபது டிகிரி. "இதற்கு மேல் என்ன வேண்டும்? இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்." அக்கா பெயரில் அனுப்பிய மின்னஞ்சலுக்கு இரண்டு வாரம் பதில் இல்லாமல் இருந்ததும், அதையே அத்தான் பெயரில் அனுப்பியதும் மறுநாளே ஆள் வந்ததும் தனிக்கதை.

மூன்றாவதாக வந்தவர் ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். பாய்லர் பக்கம் போகும் முன் அக்காவை உட்காரச் சொல்லிக் கேள்வி கேட்டார். எந்த அறை? எத்தனை மணிக்கு? தலைவலி, குமட்டல் உண்டா? வெளியே போனால் சரியாகிவிடுகிறதா? கடைசிக் கேள்விகள் எனக்குப் புரியவில்லை. பிறகு விளக்கினார். எரிவாயு சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. அதிக நேரம் வீட்டில் இருப்பவரைத்தான் அது அதிகம் தாக்கும். பல வீடுகளில் அது பெண், குழந்தை, வயதானவர். 'அவளுக்கு எப்பவும் தலைவலிதான்' என்று ஒரு வீடு சொல்லிச் சிரிக்கும்போது அங்கே ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கலாம். அக்கா வீட்டில் அது இல்லை. எச்சரிக்கைக் கருவியையும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போனார்.

பிறகு கையால் தொட்டுத் தொட்டு வீடு முழுக்க நடந்தார். ரேடியேட்டர் மேலே சில்லென்று இருந்தால் உள்ளே காற்று நிற்கிறது. கீழே நடுவில் சில்லென்று இருந்தால் துருச் சேறு படிந்திருக்கிறது. முழுவதுமே சில்லென்று இருந்தால் தண்ணீர் அங்கே வந்து சேரவில்லை. சமையலறை ரேடியேட்டரின் சிறு திருகைத் திறந்தபோது மசி போலக் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. பல வருடத் துரு.

அது பாதிக் காரணம்தான். மீதியை அவர் முன்னறையில் கண்டுபிடித்தார். அங்குள்ள ரேடியேட்டருக்குச் சூடு முதலில் வருகிறது. நிறைய வருகிறது. தெர்மோஸ்டாட்டும் அதே அறையில். அத்தானின் நாற்காலிக்கு மேலே. முன்னறை இருபதைத் தொட்டதும் தெர்மோஸ்டாட் பாய்லரை நிறுத்திவிடும். சமையலறை அப்போது பதினாலில் இருக்கும். வீடு சூடாகிவிட்டது என்று கருவி உண்மையாகவே நம்புகிறது. அது பொய் சொல்லவில்லை. அது இருக்கும் அறையைப் பற்றி உண்மையைச் சொல்கிறது.

கடிகாரமும் அப்படித்தான். காலை ஆறு முதல் எட்டு, மாலை ஐந்து முதல் பத்து. வேலைக்குப் போகும் ஆணும் கல்லூரிக்குப் போகும் மகனும் வீட்டில் இருக்கும் நேரம். அக்கா தூங்கும் நேரம் அதில் இல்லை. ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். "ஒருத்திக்காக வீடு பூரா எரிக்கணுமாட்டி? காசு யாரு கட்டுவா?" என்றாள். அந்த வீட்டுக் கட்டணத்தில் பாதி அவள் சம்பளம்.

பழைய வீடுகளில் பல வகை ஏற்பாடு இருக்கிறது என்று அந்தப் பெண் தேநீர் குடித்தபடி சொன்னார். சில வீடுகளில் ஒரே குழாய் எல்லா ரேடியேட்டரையும் சுற்றி வரும். முதல் அறையில் சூட்டை விட்டுவிட்டு ஆறிய தண்ணீர்தான் அடுத்ததற்குப் போகும். கடைசி அறைக்குக் கிடைப்பது மிச்சம். எனக்கு எங்கள் வீட்டுப் பந்தி நினைவு வந்தது. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பின் அம்மா சட்டியில் மிஞ்சியதை வழித்துப் போட்டுக்கொள்வாள். யாரும் அவளைப் பட்டினி போடவில்லை. ஏற்பாடு அப்படி.

முன்னறையில் மாட்டிய தெர்மோஸ்டாட் ஒரு வீட்டில் மட்டும் இல்லை. அலுவலகக் கட்டடங்களின் வெப்ப வசதியைக் கணக்கிடும் முறையை டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஃபாங்கர் 1970இல் நூலாக்கினார். அந்தக் கணக்கில் உடம்பு உண்டாக்கும் வெப்பத்துக்கு வைத்த அளவு எழுபது கிலோ எடையுள்ள நாற்பது வயது ஆணை ஒட்டியது. 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கிங்மாவும் வான் மார்க்கன் லிக்டன்பெல்ட்டும் அதைச் சோதித்து, பெண்ணுடம்பின் வெப்ப உற்பத்தியை அந்த அளவு 35 சதவீதம் வரை மிகையாகக் கணக்கிடக்கூடும் என்று எழுதினார்கள். அலுவலகத்தில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து இனி யாரும் 'உனக்குத்தான் குளிரும்' என்று சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும்.

மாற்று யோசனை இல்லாமலும் இல்லை. அலிஸ் பார்க்கர் என்ற ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் 1919இல் நியூ ஜெர்சியிலிருந்து எரிவாயு வெப்ப உலை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். கட்டடத்தின் வெவ்வேறு பகுதிகளுக்குத் தனித்தனியாகக் கட்டுப்படுத்தி வெப்பம் அனுப்பும் அமைப்பு அது. ஒரு வீட்டில் ஒரே ஒரு குளிர் இல்லை என்பது அதிலேயே இருக்கிறது.

தமிழ்த் தருக்க மரபில் அறிவைப் பெறும் வழிக்குப் பெயர் அளவை. காண்டல், கருதல், உரை என்று அதைப் பிரிப்பார்கள். அளக்கும் கோலுக்கும் அறியும் வழிக்கும் ஒரே சொல். மணிமேகலையில் சமயவாதிகளின் கருத்தைக் கேட்கப் போகும் மணிமேகலை தன் உருவில் போகவில்லை. நீ இளையவள், பெண், உனக்கு யாரும் உண்மைப் பொருளைச் சொல்ல மாட்டார்கள், வேறு உரு எடுத்துக்கொள் என்று தெய்வமே அவளுக்கு மந்திரம் தருகிறது. தவவேடத்தில் போய் அவள் முதலில் கேட்பது அளவைவாதியை. இதை இருபது வருடமாக வகுப்பில் நடத்துகிறேன். அத்தான் பெயரில் போன மின்னஞ்சலைப் பார்த்த பிறகுதான் அந்த மந்திரம் எதற்கு என்று விளங்கியது. உரை என்ற அளவை, உரைப்பவர் யார் என்பதைப் பொறுத்தே எடை பெறுகிறது.

அப்படியானால் பாதிக்கப்பட்டவள் சொல்வதெல்லாம் சரியா? இல்லை. பாய்லர் பழுது என்று அக்கா உறுதியாக நம்பினாள். புதிது வாங்கச் சீட்டுப் பணம் வரை எடுக்கத் தயாராக இருந்தாள். பாய்லரில் பழுதே இல்லை. குளிருக்கு அவள் சாட்சி. குளிரின் காரணத்துக்கு அவள் சாட்சி அல்ல. முதல் இரண்டு பேரும் அவள் சொன்ன காரணம் தவறு என்று கண்டதும் அவள் சொன்ன குளிரையும் தள்ளினார்கள். மூன்றாமவர் காரணத்தை மறுத்தார், குளிரை மறுக்கவில்லை. நம்புவது என்றால் தலையாட்டுவது அல்ல. சொன்னதை உண்மையாக வைத்துக்கொண்டு தேடத் தொடங்குவது. அதனால்தான் அது கருணை இல்லை, கடமை என்கிறேன். கருணை ஸ்வெட்டர் கொடுக்கும். கடமை குழாயைத் தொட்டுப் பார்க்கும்.

தேடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அவாப் இஷாக், இரண்டு வயது. வீட்டுச் சுவரில் படர்ந்த பூஞ்சையைப் பற்றிப் பெற்றோர் திரும்பத் திரும்ப முறையிட்டார்கள். சூடானிலிருந்து வந்த அந்தக் குடும்பம் வாழும் முறைதான் காரணம் என்ற ஊகம் அந்த முறையீட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. குழந்தை 2020 டிசம்பரில் இறந்தான். பூஞ்சையே காரணம் என்று 2022இல் மரண விசாரணை சொன்னது. பிறகு 2023இல் அவன் பெயரில் சட்டம் வந்தது. உரை அளவையாக ஏற்கப்பட ஒரு குழந்தையின் சாவு தேவைப்பட்டது.

அக்கா வீட்டில் குழாய்களைக் கழுவினார்கள். முன்னறை ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைக் குறைத்துப் பின்னறைகளுக்குத் திருப்பினார்கள். கம்பியில்லாத தெர்மோஸ்டாட் ஒன்று வந்தது. கையில் எடுத்துப் போகலாம். பகலில் மற்ற அறைகளின் வால்வை மூடிவிட்டு அக்கா அதைத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள். மாலையில் சமையலறைக்குக் கொண்டு போகிறாள்.

முதல் வாரம் அத்தான், "முன்னறை இப்பல்லாம் மெதுவாத்தான் சூடாகுது" என்றார். உண்மைதான். பங்கு வைத்தால் முதலில் கிடைத்தவருக்குக் கொஞ்சம் தாமதமாகும். அவர் சொன்னதையும் அக்கா நம்பினாள். "இங்க வந்து உக்காருங்க" என்றாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தார். அங்கே அவருக்கு வெங்காயம் உரிக்கக் கிடைத்தது.

நான் ஊர் திரும்பிய வாரம் விடுதி மாணவிகள் சிலர் துறை அறைக்கு வந்தார்கள். மேல்மாடிக் குழாயில் காலையில் தண்ணீர் வருவதில்லை என்றார்கள். "எங்க வரைக்கும் வருதே" என்று என் வாய் வரை வந்தது. எழுந்து அவர்களோடு மேல்மாடிக்குப் போனேன்.