குதிரைமீதேறிக் காடு காணல் தகுமோ?

உயிர்க்கொலை தகாதென்பதை நம்மில் எவரும் மறுப்பதில்லை. ஆயின், கொல்லாமை ஒன்றே முதற் சீலத்தின் முழுப் பொருளாகுமோ? கொல்லாமலே ஓர் உயிரைத் தேய்த்து ஒழிக்கும் வழிகள் பல உள. அவற்றுள் நாம் பெரும்பாலும் கண்ணெடுத்துப் பாராத ஒன்றைப்பற்றி இங்குச் சிறிது ஆராய்வோம்.

கொச்சங்காடியில் ஞாயிறுதோறும் கூடும் நம் அன்பர் குழுவில் இளைஞர் ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார். கொடைக்கானலில் குதிரை வைத்துப் பிழைக்கும் உறவினர் ஒருவர் அவரைத் தம்முடன் தொழிலுக்கு அழைத்திருக்கிறார். சுற்றுலா வருவோரைக் குதிரைமீதேற்றிக் காட்டோரப் பாதைகளில் நடத்திச் செல்வதும், விரும்புவோர்க்குக் கூடாரமடித்து இராத்தங்க ஏற்பாடு செய்வதும் அத்தொழில். "ஐயா, உயிர் வாணிபம் தகாதென்று ஓதுகிறோமே, குதிரையின் முதுகை வாடகைக்கு விட்டு உண்பது நல்வாழ்க்கை ஆகுமா?" என்பது அவர் வினா. கேட்டோரில் சிலர் நகைத்தனர். மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் மூட்டை சுமந்து வாழ்கின்ற நமக்குக் குதிரையின் நியாயம் எதற்கென்பது அவர்கள் கருத்து. எமக்கோ அவ்வினா நகைப்பிற்குரியதாகத் தோன்றவில்லை. சுமப்பவனன்றோ சுமக்கும் உயிரைப்பற்றிப் பேசத் தக்கவன்!

தமிழ்நாட்டிற்கும் குதிரைக்கும் உள்ள உறவு பழமையானது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைகளுக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டார் பெரும்பொருள் கொடுத்து ஆண்டுதோறும் குதிரைகளை வாங்குவதையும், பேணும் முறை அறியாமையால் அவற்றிற் பெரும்பாலானவை விரைவில் மாண்டு போவதையும் எழுதி வைத்தார். பொன் கொடுத்து வாங்கத் தெரிந்தோர்க்குப் புல்லிட்டுக் காக்கத் தெரியவில்லை. வாங்கும் ஆற்றல் வேறு, பேணும் அறிவு வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. இன்றும் ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையில் மார்வாரி, கத்தியவாரி முதலிய இனங்கள் விலைபோகின்றன. அங்கேயும் கேட்கற்பாலது இதுவே: விலை கொடுத்தவன் வேறென்ன கொடுக்கப் போகிறான்?

மலைக்காட்டுப் பயணத்திற்கும் குதிரைக்கும் இடையே தொடர்பு உண்டானது தேவையால். மோட்டார்ச் சாலை அமைவதற்கு முன் கொடைக்கானலுக்குச் செல்வோர் பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து ஒற்றையடி மலைப்பாதையில் நடந்தோ, மட்டக்குதிரைமீதோ, மனிதர் தோளிற் சுமந்த நாற்காலியிலோ ஏறினர். ஒரே பாதையில், ஒரே கூலிக் கணக்கில், மனிதனும் குதிரையும் சுமந்தனர் என்பதை அன்பர்கள் மறவாதிருப்பாராக. இன்று சாலை உண்டு, வண்டி உண்டு. குதிரை தேவைக்கன்றி இன்பத்திற்காக நிற்கின்றது. கொடைக்கானல் ஏரிக்கரையிலும் உதகையிலும் அரைமணிக்கு இவ்வளவு, ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று பேசி ஏறுகின்றனர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இது வேறு வகையாய் வளர்ந்துள்ளது. அங்குத் தேசியக் காடுகள் பலவற்றில் குதிரையோடு வருவோர்க்கென்றே தங்குமிடங்கள் உள. தம் குதிரையைத் தாமே கொணர்ந்து, அதனருகே கூடாரமடித்துத் தங்கிப் பகலிற் காட்டுப் பாதைகளில் ஊர்ந்து வருவர். 1964-ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம் காக்கப்பட்ட பெருங்காடுகளில் மோட்டார் வண்டியை விலக்கியது, குதிரையை விலக்கவில்லை. ஆனால் குதிரையோடு வருவோர்க்குப் பல கட்டுப்பாடுகள் உள. மரத்தில் நேரே கட்டினால் பட்டை உரிந்து மரம் நோகும். ஆகவே அகன்ற பட்டையை மரத்திற் சுற்றி, உயரத்தில் கயிறோட்டி, அதிற் குதிரையைப் பிணித்தல் வேண்டும். ஓடைக்கு 200 அடி தள்ளியே குதிரைகளை நிறுத்துமாறு அறிவுறுத்துகின்றனர். களைவிதை கலந்த வைக்கோல் சாணத்தின் வழியே காட்டிற் பரவுமாதலால், களையற்றதென்று சான்று பெற்ற தீவனமே பல காடுகளில் அனுமதிக்கப்படும். தங்கிய இடத்துச் சாணத்தைத் தங்கியவரே அகற்றுதல் வேண்டும்.

இக்கட்டுப்பாடுகளைக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பகலிற் குதிரை மனிதனைச் சுமந்தது. இரவில் மனிதன் குதிரைக்கு ஏவல் செய்கிறான். சேணத்தை இறக்கி, முதுகிற் புண் உளதா என்று தடவிப் பார்த்து, குளம்பிற் சிக்கிய கல்லை எடுத்து, நீர் காட்டி, தீவனமிட்டு, அதன்பின்னரே தான் உண்கிறான். ஒரு குதிரை நாளொன்றுக்குச் சுமார் 20 முதல் 45 லிட்டர் நீர் பருகும். அதன் இரைப்பை சிறிது. ஆதலின் நாளின் பெரும்பகுதி மேய்ந்துகொண்டே இருக்க வேண்டிய பிராணி அது. தகாததை உண்டால் வாந்தியெடுத்து வெளியேற்ற அதனால் இயலாது. வயிற்று நோவிலேயே மாண்டு போவதும் உண்டு. நின்றபடியே கண்ணயரும் என்பது மெய்யே. ஆயினும் ஆழ்ந்த உறக்கத்திற்கு அது படுத்தாக வேண்டும். அச்சமுள்ள இடத்தில் அது படாது. இவையெல்லாம் குதிரையின் இராக்கணக்கு.

அரைமணி நேரம் ஏறியிறங்குவோர் இவ்விராக்கணக்கை அறிவரோ? கூலியைக் கொடுத்துவிட்டுப் போகின்றனர். சுற்றுலாக் காலம் முடிந்ததும் உதகையிலும் கொடைக்கானலிலும் குதிரைகள் தெருவிற் கைவிடப்பட்டுக் குப்பையைக் கிளறித் திரிவதை அங்குள்ளோர் பலகாலும் முறையிட்டுள்ளனர். ஏறியவனுக்குப் பகல் மட்டுமே தெரியும். குதிரைக்கோ இரவும் உண்டு.

இவ்விடத்தில் யாம் பஞ்சாலையில் நூற்புப் பகுதியிற் கழித்த ஆண்டுகளை நினையாதிருக்க முடியவில்லை. ஆலைக்கு ஷிப்டுக் கணக்கு உண்டு. சங்கு ஊதியதும் அக்கணக்கு முடியும். அதன்பின் இருமல் எவ்வளவு, உறக்கம் எவ்வளவு, அரைவயிறா முழுவயிறா என்று எழுத அங்கு ஏடு இல்லை. கூலி கொடுத்ததோடு கடன் தீர்ந்ததென்று நினைப்பவன், வாங்கியது உழைப்பையே என்று எண்ணுகிறான். உண்மையில் ஓர் உயிரின் தேய்வை வாங்கியிருக்கிறான்.

இதைவிட வியப்பானதொன்று உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தொழிலாளியை நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாதென்றும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேல் வாங்கலாகாதென்றும் வகுத்தது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது; அதன்கீழ் 1965-இல் இழுவை, சுமை விலங்குகளுக்கான விதிகள் எழுந்தன. அவையும் நாளொன்றுக்கு 9 மணி, தொடர்ந்தாற்போல் 5 மணி என்றே அளவு கூறுகின்றன! 37 பாகை வெப்பத்திற்கு மேற்பட்ட இடத்தில் நண்பகல் 12 முதல் 3 மணிவரை வேலை வாங்கலாகாது. மட்டக்குதிரைக்கு ஏற்றும் சுமை 70 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்பனவும் அவ்விதிகளில் உள. தசையும் மூச்சும் உடைய எவ்வுடலும் ஏறக்குறைய ஒரே அளவிற் களைக்கும் என்பதைச் சட்டம் எழுதியோர் இருமுறை எழுதியுள்ளனர். நாம் ஒருமுறையேனும் படித்தோமில்லை.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தொழிலாளி வாய் திறந்து பேசலாம், சங்கம் கூட்டலாம், வேலையை நிறுத்தலாம். குதிரைக்கு அவையில்லை. அதுவுமன்றி, கொடிய விலங்குகளுக்கு இரையாகும் இனத்திற் பிறந்தமையால், நோவை வெளிக்காட்டாமல் மறைப்பது அதன் இயல்பு. நொண்டும் வரையில் நலமென்றே நாம் நினைப்போம். ஆதலின் 'அது மறுக்கவில்லையே' என்னும் வாதம் எடுபடாது. மறுக்க இயலாதவனிடம் பெற்ற சம்மதம் சம்மதமன்று. நம் முன்னோர் எத்தனை தலைமுறை இவ்வாறு 'மறுக்காதவர்' என்று எண்ணப்பட்டனர் என்பதை அன்பர்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இனி இருவகைப் பிடிவாதங்களை நோக்குவோம். விலங்கெல்லாம் மனிதனுக்கென்றே ஆனவை என்பது ஒன்று. விலங்கைத் தொட்டு வேலை வாங்குவதனைத்தும் பாவம் என்பது மற்றொன்று. முன்னது இரக்கமற்றது என்பது வெளிப்படை. பின்னது இரக்கமுடையது போற் தோன்றினும், அதன் பயனை ஆராய்தல் வேண்டும். நாளையே அனைவரும் குதிரையேறுதலை ஒழித்துவிட்டாற் குதிரைகள் விடுதலை பெற்று மகிழுமோ? தீவனமிட வழியற்ற உரிமையாளன் அவற்றைத் தெருவில் விடுவான். கைகழுவுதலைக் கருணையென்று கொள்ளுதல் ஆகாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியையே நாம் தேடல் வேண்டும்.

அவ்வழிக்குப் பகவானின் வரலாற்றிலேயே குறிப்புகள் உள. குதிரை பழக்கும் கேசி என்பவன் பகவானிடம் வந்த செய்தி அங்குத்தர நிகாயத்தில் உளது. மென்மையாலும், கடுமையாலும், இரண்டாலும் பழக்குவதாகவும், எதற்கும் பணியாத குதிரையைக் கொன்றுவிடுவதாகவும் அவன் கூறினான். தாமும் மனிதரை அவ்வாறே பழக்குவதாகப் பகவான் விடையிறுத்தார். உயிர்க்கொலை தமக்குத் தகாதாயிற்றே என்று அவன் திகைத்தபோது, திருந்த மறுப்பவனுக்கு மேலும் அறிவுரை கூறாது விடுதலே தம் நெறியிற் கொலையாகும் என விளக்கினார். பகவான் அவனுடைய தொழிலை இகழவில்லை. ஆனால் அவன் கையிலிருந்த கொலையின் பொருளையே மாற்றிக் கொடுத்தார்.

மற்றொன்று காந்தகன் வரலாறு. சித்தார்த்தர் நள்ளிரவிற் கபிலவஸ்துவை விட்டு நீங்கியபோது அவரைச் சுமந்தது காந்தகன் என்னும் குதிரை. அனோமா நதிக்கரையில் அவர் இறங்கி அதைச் சன்னனிடம் ஒப்புவித்தார். பிரிவாற்றாது அது உயிர் நீத்ததென்பது மரபு. குதிரையில் வந்தவர் அக்கரையிலிருந்து நடந்தே போனார். போதியடைந்த பின்னர் நாற்பத்தைந்து ஆண்டுகள் நடந்தே தம்மம் உரைத்தார். பிக்குகள் நோயுற்றாலன்றி ஊர்தியேறலாகாதென விநயம் விதித்தது. தேவைக்கு ஏறுதல் உண்டு. தேவை தீர்ந்தபின் இறங்கத் தெரிதலும் உண்டு.

அசோக மன்னரோ இரண்டாம் பாறைச் சாசனத்தில், மனிதர்க்கும் விலங்குகட்கும் ஆக இருவகை மருத்துவத்தையும் ஏற்படுத்தியதாகக் கூறுமிடத்துச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர் ஆகியோரோடு கேரளபுத்திரர் நாட்டையும் பெயர் சுட்டுகிறார். ஐந்தாம் தூண் சாசனத்திற் குறித்த சில நாட்களில் குதிரைகளுக்கும் எருதுகளுக்கும் சூடிடலாகாதென விலக்கினார். நாம் வாழும் இக்கரையிலேயே விலங்கிற்கு மருந்தளித்தல் அரசின் அறமாக இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எண்ணப்பட்டது. ஆயினும் 2022-ஆம் ஆண்டு கேதாரநாத யாத்திரையின் தொடக்க வாரங்களிலேயே மட்டக்குதிரைகளும் கோவேறு கழுதைகளும் பல மாண்டன. புண்ணியம் தேடிய பயணத்திலேயே இவ்வாறெனில், இன்பம் தேடும் பயணத்தில் எவ்வளவு விழிப்பு வேண்டும்!

இளைஞரின் வினாவிற்கு இனி விடை கூறலாம். குதிரையை வாங்கி விற்று ஊதியம் பெறுதல் பகவான் விலக்கிய உயிர் வாணிபத்துட் படும், அதில் இறங்கலாகாது. குதிரையைப் பேணி, அதனோடு உழைத்து உண்ணுதல் அவ்வாணிபமன்று. ஆயின் அது நல்வாழ்க்கையாவதற்கு இவை வேண்டும்:

1. குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல், சேணமும் ஆளும் சேர்ந்து, ஏறலாகாது. பருத்த செல்வர் இரட்டைக் கூலி நீட்டினும் மறுத்தல் வேண்டும்.

2. புண்பட்டதும், நொண்டுவதும், சினையுற்றதும், இளங்குட்டியும் அன்று தொழிலுக்கு வரலாகா.

3. பகலில் ஈட்டிய பொருளில் முதற்பங்கு அன்றிரவின் தீவனத்திற்கும் நீருக்கும். அதன்பின்னரே தன் உலைக்கு.

4. வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டில் நுழைதலும், தீமூட்டுதலும், ஓடையை மாசாக்குதலும் கூடா. 2018 மார்ச் 11-இல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் இருபதின்மருக்கு மேல் மாண்டதை மறத்தல் தகாது. காடு நம் விருந்தகமன்று. பல உயிர்களின் வீடு.

5. ஆள் வராத காலத்திலும், அது முதுமையுற்ற காலத்திலும் அதைக் கைவிடலாகாது.

இவற்றுள் ஐந்தாவதே அரிது. முதல் நான்கையும் நல்ல முதலாளி எவனும் செய்வான்; ஐந்தாவதைச் செய்பவனே தம்மம் அறிந்தவன். உறவினர் இதற்கு உடன்படாவிடின், அவ்வேலை வேண்டாவென்பதே எம் கருத்து. மூட்டை சுமத்தல் கடினமே. எனினும் அச்சுமை பிற உயிரின் முதுகிற் புண்ணாவதில்லை.

குதிரைக்காரரைமட்டும் பழித்து நிற்றலும் நீதியன்று. கயிற்றைப் பிடித்துக் குதிரையோடு குதிரையாய் மேடேறி ஓடுபவர் அவர். மழைக்காலத்தில் அவர் அடுப்பும் எரிவதில்லை. பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசும் சுற்றுலாவாசி, அப்பத்து ரூபாயைக் குதிரையின் தீவனத்திலிருந்தே எடுக்கிறார். ஆதலின் ஏற விரும்பும் அன்பர் முதலில் இறங்கி நின்று குதிரையின் முதுகையும் குளம்பையும் பார்க்கட்டும். இரவில் அது எங்கே தங்கும், என்ன உண்ணும் என்று கேட்கட்டும். விடை மனநிறைவளிப்பின் கேட்ட கூலியைக் குறையாது கொடுத்து ஏறட்டும். இல்லையேல், இரண்டு கால்கள் நமக்கு உள. காட்டைக் காண அவை போதும். மெல்ல நடப்பவனுக்கே காடு மிகுதியாகத் தெரியும்.

பிற உயிரின் பகலைப் பயன்கொள்வோன் அதன் இரவிற்கும் கடமைப்பட்டவன். குதிரைக்கு ஒப்பும் இவ்வறம், கூலியாளுக்கும், வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும், மூட்டை தூக்கும் முதியவர்க்கும் ஒக்கும். வாய் பேசா உயிரிடத்து இதைக் கைக்கொள்ளப் பழகியோன், வாய் பேசும் மனிதனிடத்து இதை மறுக்கத் துணியான். ஆகவே அன்பர்காள், சீலம் ஓதும் நாவினால் இக்கேள்வியையும் நாள்தோறும் கேட்போமாக: இன்று என்னைச் சுமந்தவர் யார்? அவர் இப்போது உண்டனரா, உறங்கினரா?