ஆள் தவறியதா, அறம் தவறியதா?

2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், அமெரிக்க நாட்டில் 19 பேர் விமானங்களைக் கைப்பற்றி, ஏறத்தாழ 3,000 உயிர்களை மாய்த்தனர். அக்கொடுஞ்செயலுக்கு எவ்விதச் சமாதானமும் இல்லை. ஆயினும், அதன்பின் அங்கு நிகழ்ந்த ஒன்று நம் சிந்தனைக்கு உரியது.

நான்கு நாட்கள் சென்றன. அரிசோனா மாநிலத்து மேசா நகரில், பெட்ரோல் நிலையம் நடத்தி வந்த சீக்கியர் ஒருவரை, அவருடைய தாடியையும் தலைப்பாகையையும் கண்டு அராபியர் எனக் கருதிய ஒருவன் சுட்டுக் கொன்றான். பின்னர், லெபனான் வழிவந்த கடை ஊழியர் ஒருவரை நோக்கியும், ஆப்கானியக் குடும்பத்தினர் இருந்த வீட்டை நோக்கியும் சுட்டான். அவர்கள் உயிர் பிழைத்தனர்.

'ஆள் தவறிக் கொன்றான்' என்றே இச்செய்தியை நாம் சொல்லப் பழகியுள்ளோம். அன்பர்களே, அச்சொல்லைச் சற்று நிறுத்துப் பாருங்கள். கொல்லப்பட்டவர் அராபியராகவே இருந்திருப்பின், அது முறையாகிவிடுமோ? அந்த லெபனானியர் செய்த குற்றம்தான் யாது? ஆளை அறிந்ததில் மட்டும் அன்று பிழை. ஒருவன் வினையை இன்னொருவன் தலையில் ஏற்றியதே பெரும்பிழை.

ஒரு வெறியனின் செயலென்று இதனை ஒதுக்கவும் இயலாது. முஸ்லிம்களுக்கு எதிரான துவேஷக் குற்றங்களாக அந்நாட்டுப் புலனாய்வுத் துறை பதிந்தவை 2000இல் 28, 2001இல் 481. 2002 முதல் அரசாங்கமே, 25 நாடுகளிலிருந்து வந்து தற்காலிகமாகத் தங்கியிருந்த ஆண்கள் நேரில் வந்து, கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டுமென ஆணையிட்டது. அவற்றுள் 24 முஸ்லிம்கள் மிகுந்த நாடுகள். 80,000க்கும் மேற்பட்டோர் ஆணைக்குப் பணிந்து வந்தனர். அவர்களில் 13,000க்கும் மேற்பட்டோர் மீது நாடு கடத்தும் நடவடிக்கை தொடங்கப்பட்டது. ஆனால் பயங்கரவாதக் குற்றம் இப்பதிவினால் ஒருவர் மீதும் மெய்ப்பிக்கப்படவில்லை. 2016இல் அவ்விதிகள் நீக்கப்பட்டன.

'அஞ்சிய அரசு எச்சரிக்கை கொள்வது குற்றமா?' எனச் சிலர் வினவலாம். குற்றமன்று. ஆனால் எச்சரிக்கை ஒருவனுடைய செய்கையை ஆராய வேண்டும். அவன் பிறந்த மண்ணை அன்று. சட்டத்தை நம்பி வந்து நின்றவனையே ஐயுற்றால், நாளை எவன் நம்பி வருவான்?

அந்நாட்டுச் சீக்கியர் பலர், 'நாங்கள் முஸ்லிம்கள் அல்லோம்' என்னும் சொல்லைத் தமக்குக் கேடயமாக்க மறுத்தனர். நம் மார்பிலிருந்து விலகும் துப்பாக்கி அயலான் மார்புக்குத் திரும்புமாயின், அது விடுதலையன்று என்பதை அவர்கள் உணர்ந்தனர்.

பெயரும் பிறப்பும் கேட்டு மனிதனை அளப்பதன் வேதனை நமக்குப் புதியதன்று. ஆதலின் நம்மையே ஒன்று கேட்டுக்கொள்வோம். கொடுஞ்செய்தி ஒன்று காதில் விழுந்தவுடன், 'செய்தவன் எந்த மதத்தான்?' என்று நம் மனம் முந்துகிறதா? முந்துமாயின், மேசா நகரத்துக் கொலைஞனின் முதல் எண்ணம் நம்முள்ளும் முளைத்திருக்கிறது. அதனை முளையிலேயே கிள்ளுவோமாக.