அமைதியை அறிபவன் யார்?

(பிச்சாட்டூர் சத்சங்கத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



கல்லூரியில் வேதியியல் பயிலும் ஓர் இளைஞர் சற்றுமுன் ஒரு சீட்டில் கேள்வி எழுதிக் கொடுத்தார். "தியானத்தில் கிட்டும் அமைதி, மூளையிலும் இரத்தத்திலும் ஏற்படும் இரசாயன மாறுதலே என்கிறார்கள். அப்படியானால் ஆன்மா என்றும் இறைவன் என்றும் பேசுவது எதற்கு?" இதை நாத்திகம் என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. நாள்தோறும் ஜபமாலையைக் கையில் எடுப்பவருக்கும் என்றேனும் ஒருநாள் எழக்கூடிய ஐயம்தான் இது. இதில் தெளிவு பிறக்காவிடில் ஒன்று தியானம் கைவிட்டுப் போகும்; அல்லது அதுவும் மற்றொரு மாத்திரையாகிவிடும்.

முதலில் விஞ்ஞானம் கண்டது என்ன என்று பார்ப்போம். 1961-ஆம் ஆண்டில் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த பி. கே. ஆனந்த், ஜி. எஸ். சீனா, பல்தேவ் சிங் ஆகிய மூவரும் யோகிகளின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து வெளியிட்டனர். விழித்தபடி ஓய்ந்திருக்கும் மூளையில் நொடிக்கு எட்டு முதல் பதின்மூன்று வரை எழும் அலைகளுக்கு ஆல்ஃபா என்று பெயர். ஒளி பட்டாலோ பேரோசை கேட்டாலோ அவை கலைந்துவிடும். அந்த யோகிகள் சமாதி நிலையில் அமர்ந்திருந்தபோது ஒளியைப் பாய்ச்சினார்கள், ஓசை எழுப்பினார்கள், சூடேற்றிய கண்ணாடிக் குழாயால் தொட்டும் பார்த்தார்கள், அலைகள் கலையவில்லை. வேறு இருவர், 4 டிகிரிக் குளிர்நீரில் முக்கால் மணி நேரத்திற்கும் மேலாகக் கையை வைத்திருந்தனர். அப்போதும் ஆல்ஃபா அலைகள் நீடித்தன.

அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வையும் சொல்லத்தான் வேண்டும். இதயத்தை நிறுத்த வல்லோம் என்று கூறிய யோகிகளை ஆனந்தும், வெங்கர், பாக்சி என்ற இரு ஆராய்ச்சியாளர்களும் சோதித்தனர். நாடி கைக்குத் தட்டுப்படவில்லை. ஆயினும் இதயத்தின் மின்பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. மூச்சை அடக்கி மார்பையும் வயிற்றையும் இறுக்கியதால் வந்த விளைவு அது. முதல் ஆய்வை மேடைதோறும் முழங்கும் நம்மவர் இரண்டாவதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

இனி உடலின் இரசாயனத்திற்கு வருவோம். உங்கள் ஊர் ஆரணியாற்று அணையையே எண்ணிப் பாருங்கள். வெள்ளம் வந்தால் மதகு திறக்கும்; கீழே சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டைவரை கரையோரத்தாருக்கு எச்சரிக்கை போகும்; வரத்துக் குறைந்தால் மதகு மூடும். வரப்பில் பாம்பைக் கண்ட உழவரின் உடலிலும் இவ்வாறே நிகழ்கிறது. மூளை கட்டளையிட, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்த அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசாலையும் இரத்தத்தில் விடுகின்றன. இதயம் விரைகிறது, இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, கால்கள் ஓட ஆயத்தமாகின்றன. கார்டிசால் மிகுந்ததும் அதுவே மூளையை எட்டி, "போதும், நிறுத்து" என்று அறிவிக்கிறது. பாம்பு போனது, மதகும் மூடியது. இறைவன் படைப்பில் இத்தனை நுட்பமான ஏற்பாடு!

ஆனால் நம் மனத்திலுள்ள பாம்பு வரப்பைவிட்டு அகல்வதே இல்லை. மாங்காய் விலை சரிந்துவிட்டது, கடனுக்கு வட்டி ஏறுகிறது, சம்பந்தி நேற்று ஒரு சொல் சொல்லிவிட்டார்! இவற்றை இரவெல்லாம் புரட்டிக்கொண்டிருந்தால் மதகு மூடுவது எங்ஙனம்? உறக்கம் கெடும், இரத்த அழுத்தம் ஏறும், சர்க்கரை கட்டுக்கடங்காது. இஷ்டதெய்வத்தின் திருவுருவில் மனம் அரைமணி நேரம் நிலைத்தால், அந்த அரைமணி நேரமாவது பாம்புக்கு இடமில்லை. மூச்சு தானாகவே மெலிந்து நீள்கிறது. மூளையிலிருந்து இதயத்திற்கும் குடலுக்கும் செல்லும் வேகஸ் நரம்பு இதயத்தின் விரைவைத் தணிக்கிறது. கார்டிசால் சில ஆய்வுகளில் குறைந்தது. சிலவற்றில் பெரிதாக மாறவில்லை. இன்னும் முடிவாகாத செய்தி அது. எட்டே வாரத் தியானத்தில் மூளையின் அமைப்பே மாறிவிடும் என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் இருநூறுக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து, எட்டு வாரப் பயிற்சியால் அப்படி மாறுதல் ஏதும் புலப்படவில்லை என்று 2022-இல் அறிவித்துவிட்டார்கள்.

இப்போது இளைஞரின் கேள்வி. மனம் இரசாயனத்தால் மாறுகிறது என்றால் வேதாந்தம் ஏன் அஞ்ச வேண்டும்? இதைச் சொன்னதே வேதாந்தம்தான். சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலக ஆருணி தம் மகன் சுவேதகேதுவைப் பதினைந்து நாள் உண்ணாதிருக்கச் செய்கிறார். விரும்பிய அளவு நீர் மட்டும் அருந்தலாம். பன்னிரண்டு ஆண்டுகள் வேதம் பயின்று, கற்றோம் என்ற செருக்கோடு திரும்பிய மகன் அவன். பதினாறாம் நாள், "வேதத்தை ஓது" என்கிறார் தந்தை. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை! உணவு உண்டபின் கேட்டதெல்லாம் நினைவுக்கு வருகிறது. உணவின் நுண்ணிய பகுதியே மனமாகிறது என்பதை இப்படிச் சோதித்தே காட்டிவிட்டார் அந்தத் தந்தை. ஆகவே மனம் ஜடம். மிக நுண்ணியது, எனினும் ஜடமே. ஜடத்தை ஜடம் மாற்றுவதில் வியப்பென்ன? ஒரு குவளைக் காப்பியும் அதைச் செய்கிறதே!

ஆனால் ஆருணி அத்துடன் நிறுத்தவில்லை. மகனை மேலும் மேலும் உள்ளே அழைத்துச் சென்று, "அது நீயே" என்ற இடத்தில்தான் நிற்கிறார். மனம் கலங்கியதையும் அறிந்தேன், அடங்கியதையும் அறிந்தேன் என்கிறோம். இரண்டையும் அறிந்தவன் ஒருவனே. அறியப்பட்ட அமைதிக்கு அலை உண்டு, சுரப்பு உண்டு, கருவியும் உண்டு. அறிந்தவனைக் கருவியின் முன் எப்படி நிறுத்துவது? அவனை நிறுத்த முயல்பவனும் அவனே அல்லவா? வெளிநாட்டிலிருந்து மகன் நலமுடன் திரும்பினான் என்று கேட்ட தாயின் கண்ணீரை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினால், நீரும் உப்பும் சிறிது புரதமும் என்று அறிக்கை வரும். அறிக்கை முற்றிலும் சரி. அதில் மகன் இல்லை என்பதால் அவன் திரும்பவில்லை என்று கூறுவோமா? வேதியியல் பயிலும் அந்த இளைஞர் அதை ஆழ்ந்து பயிலட்டும். மாலையில் அரைமணி நேரம் அமர்ந்து, பயில்பவன் யாரென்றும் தேடட்டும்.

மற்றொரு செய்தி, பெரியவர்கள் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டும். தியானம் தொடங்கிய சில மாதங்களில் இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளைத் தாமே நிறுத்திக்கொண்டவர்களை நான் அறிவேன். நம்பிக்கையால் செய்தோம் என்கிறார்கள். இங்கிருந்து நாகலாபுரம் கடந்து சென்றால் சுருட்டப்பள்ளி. ஆலகாலம் உண்ட ஈசன் அயர்ந்து, அம்பிகையின் மடியில் தலைவைத்துப் பள்ளிகொண்ட தலம் என்று தலபுராணம் சொல்கிறது. நஞ்சு நெஞ்சில் இறங்காதபடி கண்டத்தில் தடுத்தவளும் அவளே. ஈசனே ஒரு கை தடுக்க இடம் கொடுத்தான் என்றால், நாம் மருத்துவர் தரும் மாத்திரையை விழுங்குவது பக்திக் குறைவாகுமா? தியானம் தொடரட்டும், மாத்திரையும் தொடரட்டும். அழுத்தம் உண்மையாகவே இறங்கியிருந்தால் மருத்துவரின் கருவி காட்டும். அளவைக் குறைப்பது அவர் பொறுப்பு. மனநோய்க்கு மருந்து உண்பவர்கள் நீண்டநேரத் தியானத்தைத் தாமாகத் தொடங்க வேண்டாம். மருத்துவரிடம் கூறிவிட்டு, நாள்தோறும் பத்து நிமிடம் நாமஜபத்தில் தொடங்குங்கள். கூடிய பயிற்சியைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.