கும்பல் என்னும் சொல்லும் பொறுப்பும்

மனிதர் பலர் ஓரிடத்தே கூடுவதைக் குறிக்கத் தமிழிலே சொற்கள் பலவுள. கூட்டம், திரள், குழு, அவை என்பன அவற்றுட் சில. ‘கும்பல்’ என்னும் சொல்லுக்கும் குவியல், கூட்டம் என்ற பொருள்களையே அகராதிகள் தருகின்றன. ஆயினும் இன்றைய வழக்கிலே அது ஒழுங்கின்மையையும் வன்முறையையும் சுட்டும் இழிசொல்லாகிவிட்டது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் ‘காடையர்’ என்னும் சொல்லும் அதனோடு சேர்ந்து வரும். ஆங்கிலத்து ‘மொப்’ என்பது, நிலையற்ற பாமரத் திரள் எனப் பொருள்படும் இலத்தீன் தொடரொன்றின் சுருக்கமாகும். அச்சொல் இழிவோடு பிறந்தது. தமிழ்ச் சொல்லோ இழிவை வழக்கிலே பெற்றது. எனவே, இச்சொல் ஒரு நிகழ்ச்சியை விவரிக்கின்றதா, அன்றித் தீர்ப்பு வழங்குகின்றதா என்னும் வினா எழுகின்றது.

இதற்கு விடைகாண டிக்கோயாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களை நோக்கலாம். விடியற்காலையிற் பிரட்டுக்களத்தில் தொழிலாளர் திரள்வது தோட்ட வாழ்வின் நெடுங்கால வழக்கம். வேலைக்காகக் கூடிய அத்திரள் ஒழுங்கின் உருவமாகவே கொள்ளப்பட்டது. அதே மனிதர் ஓர் உரிமையைக் கேட்டு அதே களத்தில் நின்றால், அவர்கள் கும்பலாகிவிடுவர். தொகையும் மாறவில்லை, ஆட்களும் மாறவில்லை. மாறியது அவர்களைக் கூட்டியது யார் என்பது மட்டுமே.

இம்மாற்றத்தின் விளைவு சிறிதன்று. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திலே கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்கு இரையானார். 1977 மே மாதத்தில், டிக்கோயாவுக்கு அதிக தொலைவில் இல்லாத டெவன் தோட்டத்தில், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்தோரிடையே சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். ஒருவரைக் குறிவைக்கத் தயங்கும் மனம், ‘கும்பலை’ நோக்கிச் சுடத் தயங்குவதில்லை. கும்பலுக்கு முகமும் இல்லை, கோரிக்கையும் இல்லை எனச் சொல்லே முன்கூட்டித் தீர்த்துவிடுகின்றது.

மறுபுறமும் மனங்கொள்ளத்தக்கது. 1977 ஆகஸ்டில் இனவன்முறை மூண்டபோது மலையகக் குடும்பங்கள் பல லயங்களை விட்டு வவுனியாப் பக்கம் பெயர்ந்தன. 1983 ஜூலையில் கொழும்பிலே தாக்க வந்தோர் வாக்காளர் பட்டியலைக் கையிற்கொண்டு தமிழர் வீடுகளை இனங்கண்டமை பலராலும் பதிவுசெய்யப்பட்டுள்ளது. இச்செயல்களும் ‘காடையர் கும்பலின்’ செயல்களென்றே வழங்கப்பட்டன. புயல் அடித்தது என்பதுபோல் இது ஒலிக்கின்றது. பட்டியலைக் கொடுத்த கையும், தடுக்கக் கடமைப்பட்டு வாளாவிருந்தோரும் அச்சொல்லின் பின்னே மறைகின்றனர்.

திரளிலே தனிமனித அறிவு மங்கும் என 1895 இல் லெபோன் எழுதினார். அதில் உண்மை ஓரளவு உண்டு. ஆயினும் ஜோர்ஜ் ரூடே என்னும் வரலாற்றாசிரியர், பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சியக் கலகக்காரரைப் பொலிஸ் ஆவணங்கள்வழி ஆராய்ந்தபோது, பெயரும் தொழிலும் காரணமும் உடைய மனிதரையே கண்டார். அறிவு மங்கிய கையும் ஒருவருடைய கையே.

ஆகவே ‘கும்பல்’ என்னும் சொல் ஒரே வேளையில் இரு பிழைகளைச் செய்கின்றது. கோரிக்கை உடையோரின் பெயரை அது பறிக்கின்றது. குற்றம் உடையோரின் பெயரை மறைக்கின்றது. அச்சொல்லை எழுதுமுன், கூடியோர் எதைக் கேட்டனர், அவர்களைக் கூட்டியவர் யார் என்று வினவுதல் எழுதுவோரின் கடமையாகும். விடை கிடைக்குமிடத்து அச்சொல்லுக்குப் பெரும்பாலும் தேவையிராது.