ஜாதகத்தைக் கிழித்தவர் ஜீனைக் கேட்கிறார்

ஐயர் இல்லாமல், ராகுகாலம் பார்த்து அதிலேயே கல்யாணம் நடத்திக் காட்டிய குடும்பங்கள் தஞ்சை மாவட்டத்தில் நிறைய உண்டு. அந்த மாதிரித் திருமணங்கள் செல்லும் என்று 1967-இல் அண்ணா ஆட்சி சட்டமே கொண்டுவந்தது. அந்த வீடுகளிலும் தரகரைத் திண்ணை ஓரம் தள்ளிக்கொண்டு போய்க் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: "குடும்பத்துல யாருக்காச்சும் வெண்குஷ்டம் இருக்கா?"

இருக்கிறது என்றால் பேச்சு முடிந்தது. அதனால்தான் மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் பெரியம்மாவைக் கும்பகோணத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். முழங்கை வெளுத்த அண்ணன் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் பித்தானைக் கழற்றுவதில்லை.

பக்தரைக் கேட்டால் முன்வினை என்பார். ஆடுதுறைக்குப் பக்கத்துச் சூரியனார்கோயில் தலபுராணத்தில், பிரம்மன் சாபத்தால் நவக்கிரகங்களுக்கே தொழுநோய் வந்து, எருக்கிலையில் தயிர்சாதம் உண்டு தீர்ந்ததாம். தங்கள் தோலையே காத்துக்கொள்ளத் தெரியாத கிரகங்களை வைத்துத்தான் பத்துப் பொருத்தமும் பார்க்கிறோம். போகட்டும், இன்று என் சண்டை பக்தரோடு இல்லை.

படித்தவரோடுதான். அவர் வினை என்று சொல்லமாட்டார். "ஜீன்ல இருக்குங்க, நாளைக்குப் பிள்ளைக்கு வந்தா?" என்பார்.

சரி, ஜீனையே கேட்போம். தொழுநோய்க்குக் கிருமி உண்டு. ஹான்சன் 1873-இல் அதைக் கண்டார். வெண்குஷ்டம் என்று நாம் பெயர் வைத்த வெண்புள்ளிக்குக் கிருமியே கிடையாது, அது யாருக்கும் ஒட்டாது. உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் தோலுக்கு நிறம் தரும் அணுக்களையே பகையென்று எண்ணி அழிக்கின்றன, அவ்வளவுதான். இதில் பரம்பரைக்குப் பங்குண்டு, மறுக்கவில்லை. ஐம்பது மரபணு இடங்களாவது இதில் கைகோக்கின்றன. ஆனால் அச்சில் வார்த்தது போன்ற ஒரு கரு இரட்டையரில் ஒருவருக்கு வந்தால், மற்றவருக்கும் வருவது ஏறத்தாழ நாலில் ஒரு ஜோடியில்தான். ஜீன்தான் தலையெழுத்து என்றால் நாலுக்கு நாலும் வந்திருக்க வேண்டாமா? பெற்றோருக்கு இருந்தாலும் பிள்ளைகளில் நூற்றுக்கு ஆறேழு பேருக்குத்தான் வருகிறது.

வெளியிலிருந்து வரும் காரணங்களும் உண்டு. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கும் பாரா-டெர்ஷியரி பியூட்டைல் பீனால் நிறமி அணுக்களைக் கொல்லக்கூடியது. நெற்றியில் பொட்டு வைத்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்துப் போய் வரும் பெண்களைத் தோல் மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்க்கிறார்கள். மங்கலச் சின்னம் செய்த வேலைக்கு வம்சத்தின் மேல் பழி! இன்னொன்று: ஐரோப்பிய வம்சத்தாரிடம் நடந்த ஆய்வுகளில், வெண்புள்ளிக்கு இடம் கொடுக்கும் டைரோசினேஸ் மரபணு வகையே மெலனோமா என்ற தோல் புற்றுநோயிலிருந்து ஓரளவு காப்பதாகத் தெரிந்தது. கெட்ட ரத்தம், நல்ல ரத்தம் என்று பிரிக்க அங்கே இடமில்லை.

பிள்ளையைப் பற்றிய கவலை நிஜமானால், அக்காள் மகளைத் தாய்மாமனுக்குக் கட்டும்போது அது எங்கே போகிறது? அப்படிப் பிறக்கும் குழந்தைக்குச் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்களில் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும். ஒளிந்திருக்கும் குறைகள், பிறவிச் செவிடு போன்றவை, தலைகாட்ட அது நல்ல வழி. ஆனால் உரிமைப் பெண். நன்செய் கைவிட்டுப் போகாது. ஜீன் அங்கே வாய் திறப்பதில்லை.

சர்க்கரையையும் யாரும் கேட்பதில்லை. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர நூற்றுக்கு நாற்பது வரை வாய்ப்புச் சொல்கிறார்கள். அது கண்ணைப் பறிக்கும், சிறுநீரகத்தைப் பறிக்கும், காலை எடுக்கும். வெண்புள்ளி எடுப்பது நிறத்தை. இருந்தும் சர்க்கரைக்காரச் சம்பந்திக்கு ஜாங்கிரி வைத்து உபசரிக்கிறோம், ஏனென்றால் அது வெளியே தெரிவதில்லை. ஆக, பயம் நோய்க்கல்ல, ஊர்க்கண்ணுக்கு.

பரம்பரையைப் பார்த்தே தீருவேன் என்னும் கருப்புச் சட்டைத் தோழர் ஒன்று செய்யட்டும். அடுத்த முறை பெண் பார்க்கப் போகையில், வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு மாப்பிள்ளையின் தகப்பனாருடைய ஹெச்பிஏ1சி என்ற சர்க்கரைச் சோதனைச் சீட்டையும் அதே தாம்பாளத்தில் வைத்து எடுத்துப் போகட்டும்.