பிறர் தந்தவை

வீட்டுக் கணினி ஒன்று பழுதாகத் தொடங்கும்போது அதிலிருந்து எதை முதலில் காப்பாற்றுவது என்று கேட்டால், பெரும்பாலோர் ஒளிப்படங்களைச் சொல்வார்கள், சிலர் வரவுசெலவுக் கோப்புகளைச் சொல்வார்கள். மின்னஞ்சல் தொடர்புப் பட்டியல், அதாவது இன்னாருடைய முகவரி இன்னது என்று கணினி குறித்து வைத்திருக்கும் ஏடு, அந்த வரிசையின் கடைசியில்தான் நினைவுக்கு வரும், பல வீடுகளில் கணினி போன பிறகே வரும். அளவை வைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. ஐந்நூறு பேரின் பெயரையும் முகவரியையும் வெறும் எழுத்தாகச் சேமித்தால், அது இன்றைய கைபேசி எடுக்கும் ஒரே ஒரு படத்தின் இடத்தைக்கூடப் பிடிக்காது. ஆனால் கணினியில் இருப்பவை எங்கிருந்து வந்தன என்று பிரித்துப் பார்த்தால் வரிசை தலைகீழாகிறது. மென்பொருள்கள் விலைக்கு வந்தவை, அவற்றை மீண்டும் நிறுவலாம். ஆவணங்கள் உரியவரே எழுதியவை, மனமிருந்தால் இன்னொரு முறை எழுதலாம். படங்களின் படிகள் உறவினர்களின் கைபேசிகளில் பரவிக் கிடக்கும். முகவரியோ வேறொருவர் தம்மை வந்தடைவதற்கான வழியைத் தாமே சொல்லித் தந்தது. தந்தவரைக் கண்டால்தான் மறுபடி கேட்க முடியும், அவரைக் காண்பதற்கான வழியாக இருந்ததோ தொலைந்துபோன அந்த முகவரிதான்.

இப்படிப்பட்ட பொருளுக்குத் தமிழில் அடைக்கலப் பொருள் என்று பெயர்; ஒருவர் நம்பி ஒப்படைத்தது, வாங்கியவரின் உடைமையாகாமல் அவருடைய பொறுப்பாக மட்டும் ஆவது. கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியின் கையில் ஒப்படைக்கும் பகுதிக்குச் சிலப்பதிகாரம் அடைக்கலக் காதை என்றே பெயர் சூட்டியிருக்கிறது. ஒரு மின்னஞ்சல் முகவரியை அத்தனை பெரிய ஒன்றோடு சேர்த்துப் பேசுவது மிகையாகத் தோன்றலாம். ஆயினும் வீடுகளில் இன்றும் வழங்கும் இன்னொரு ஏட்டை அருகில் வைத்துப் பார்த்தால் மிகை குறையும். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வந்தவர்கள் செய்ததை எழுதி வைக்கும் மொய் நோட்டில் ஊர், பெயர், தொகை என்று வரிசை ஓடும். அடுத்த விசேஷத்துக்கு யார் யாருக்குப் பத்திரிகை வைப்பது என்பதை அந்த நோட்டைப் புரட்டித்தான் பல குடும்பங்கள் முடிவு செய்கின்றன. ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து என்றே தனியாக நடக்கும் புதுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் இப்போது மொய் எழுதக் கணினியும் வந்துவிட்டது. அந்த நோட்டைத் தொலைத்த குடும்பத்துக்கு யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதே தெரியாமல் போகிறது. திருப்பிச் செய்யாதவர்கள் என்ற பெயரை அந்தக் குடும்பம் சுமக்கிறது. மின்னஞ்சல் பட்டியலில் தொகை என்னும் கட்டம் இல்லை, அதனால் அது கடனில்லாத ஏடு போலத் தோன்றுகிறது. முகவரியைக் குறித்துக்கொண்டபோது எழுதுவதாகச் சொன்ன சொல் மட்டும் எந்தக் கட்டத்திலும் பதியாமல் அதன் பின்னால் நிற்கிறது.

கணினி அந்த ஏட்டை எங்கே வைக்கிறது என்பதை அறியாமையே பாதி இழப்புகளுக்குக் காரணம். 2001இல் வெளிவந்து, 2014 ஏப்ரல் வரை மைக்ரோசாஃப்டின் ஆதரவு பெற்றிருந்த விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தில், கூடவே வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்னும் அஞ்சல் மென்பொருள் கடிதங்களை டிபிஎக்ஸ் என்று முடியும் கோப்புகளாக ஓரிடத்திலும், முகவரிகளை டபிள்யூஏபி என்று முடியும் ஒரே கோப்பாக வேறோர் இடத்திலும் வைத்தது. விண்டோஸ் அட்ரஸ் புக் என்பதன் முதலெழுத்துகளே அந்த டபிள்யூஏபி. இரண்டு இடங்களும் மறைநிலைக் கோப்புறைகளுக்குள், அதாவது பயனர் தனியாகக் கேட்டாலொழியத் திரையில் தோன்றாத கோப்புறைகளுக்குள் இருந்தன. எனவே மை டாக்குமெண்ட்ஸ் கோப்புறையைப் பென்டிரைவில் படியெடுத்துக்கொண்டு எல்லாம் வந்துவிட்டது என்று நிம்மதியடைந்தவர்கள் கடிதங்களையும் முகவரிகளையும் சேர்த்தே விட்டுவிட்டார்கள். முகவரிக் கோப்பின் பக்கத்திலேயே அதன் முந்தைய படியொன்று, டபிள்யூஏ என்ற எழுத்துகளும் ஓர் அலைக்கோடும் சேர்ந்த பெயரோடு கிடந்ததையும், மூலம் சிதைந்தால் அந்தப் படிக்கு மூலத்தின் பெயரையே இட்டு மீட்கலாம் என்பதையும் அறிந்தவர் மிகச் சிலரே.

இதைவிட ஆழமான ஒரு மயக்கம் அவுட்லுக் மென்பொருளில் இருந்தது. எக்ஸ்பிரஸ் என்ற ஒட்டு இல்லாத, அலுவலகங்கள் பயன்படுத்திய இந்த அவுட்லுக், பயனர் ஒரு பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டியதும் முழு முகவரியையும் தானே நீட்டும். இதைத் தானியங்கு நிரப்பல் என்பார்கள். அப்படி நீட்டப்பட்ட முகவரி தொடர்புப் பட்டியலிலிருந்து வருவதாகவே பலரும் நம்பினார்கள். உண்மையில் 2007ஆம் ஆண்டுப் பதிப்பு வரை, முன்பு தட்டச்சு செய்யப்பட்ட முகவரிகளை என்கே2 என்று முடியும் தனிக் கோப்பு ஒன்றுதான் நினைவில் வைத்திருந்தது. பட்டியலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கணினி மாறும்போது பட்டியல் மட்டும் புதிய கணினிக்குப் போகும், என்கே2 பழையதிலேயே தங்கிவிடும். அதன் விளைவு விசித்திரமானது: என்றோ ஒருநாள் முறையாகப் பதிவு செய்யப்பட்ட காப்பீட்டு முகவர் பத்திரமாக வந்து சேர்வார், வாரம் இருமுறை எழுதிக்கொண்டிருந்த உடன்பிறந்தவர் வரமாட்டார். நாள்தோறும் போய்வரும் வீட்டின் கதவு எண்ணை யாரும் எழுதி வைப்பதில்லை. நெருக்கம் மிகுந்த இடத்தில்தான் பதிவு குறைகிறது என்பது கணினிக்கு முன்பும் உண்மையாக இருந்தது, ஆனால் அப்போது அந்த வழி மனிதரின் காலுக்குத் தெரிந்திருந்தது. இப்போது அது ஒரு கோப்புக்குத் தெரிந்திருக்கிறது, கோப்புக்குத் தெரிந்ததைத் தமக்குத் தெரிந்ததாக அவர் எண்ணிக்கொள்கிறார்.

பழுது எல்லாம் ஒரே வகையல்ல. மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் எஸ்எம்பிஎஸ் எரிந்துபோனாலோ மதர்போர்டு நின்றுபோனாலோ ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அதைக் கழற்றி யூஎஸ்பி வழியாக வேறொரு கணினியில் இணைத்தால் ஏடு அப்படியே கிடைக்கும். ஹார்ட் டிஸ்க்கே தளர்வதுதான் கவலைக்குரியது. அதனுள் காந்தப் பூச்சுள்ள தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுழல, எழுதவும் படிக்கவும் பயன்படும் முனை அவற்றின் மேல் சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்ததில் ஒரு பங்கு. முனை தன் இடத்தைக் கண்டறிய முடியாமல் திரும்பத் திரும்ப முயலும்போது டிக் டிக் என்னும் ஓசை கேட்கிறது. முனை தட்டில் உராய்ந்துவிட்டால் பூச்சோடு எழுத்தும் போய்விடும். இந்த நேரத்தில் பதற்றம் செய்யத் தூண்டும் செயல்கள் எல்லாமே கேடானவை. அணைத்து அணைத்து இயக்குவது மிச்சமிருக்கும் ஆயுளைச் செலவழிக்கிறது; மீட்பு மென்பொருளைத் தேடி அதே டிஸ்க்கில் நிறுவுவது, மீட்க வேண்டியவை கிடக்கும் இடத்தின் மேலேயே புதிதாக எழுதிவிடக்கூடும்.

இதற்கென எழுதப்பட்ட டிடிரெஸ்க்யூ என்னும் கட்டற்ற மென்பொருள் வேலை செய்யும் முறை கவனிக்கத்தக்கது. பென்டிரைவிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கி, பழுதான டிஸ்க்கில் ஓர் எழுத்தும் எழுதாமல், அதன் முழுப் படியையும் வேறொரு டிஸ்க்கில் எடுப்பது அதன் பணி. முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிந்த பகுதிகளை மட்டும் அது எடுத்துக்கொள்கிறது. தடங்கல் வந்த இடத்தில் நின்று போராடாமல், அதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவிட்டுக் கடந்து செல்கிறது. நல்லவை எல்லாம் கைக்கு வந்த பிறகே குறித்த இடங்களுக்குத் திரும்பி, சிறு சிறு துண்டுகளாகப் படிக்க முயல்கிறது. மனித மனம் இழப்பின்முன் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. கிடைக்காத ஒன்றின் மேலேயே முட்டிக்கொண்டு நிற்க, கிடைத்திருக்கக்கூடிய பத்தும் அதற்குள் கெட்டுவிடுகின்றன. உறவுகளிலும் இவ்வாறு ஒருவருடைய மௌனத்தின் முன்னால் ஆண்டுகள் கழிய, பதில் சொல்லக் காத்திருந்த பலர் கைவிட்டுப் போனதை எண்ணிப் பார்க்காமல் இந்த மென்பொருளின் விளக்கத்தைப் படிப்பது கடினம்.

ஏடு மீளாவிட்டாலும் கடிதங்கள் மீண்டால் முகவரிகள் மீளும். மின்னஞ்சல் ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் அனுப்பியவர், பெறுபவர், நகல் பெறுபவர் ஆகியோரின் முகவரிகள் வெளிப்படையான எழுத்தில் இருக்க வேண்டும் என்ற முறை 1982இல் ஆர்எஃப்சி 822 என்னும் இணையத் தர ஆவணத்தில் வகுக்கப்பட்டது, அதன் வடிவம் பெரும்பாலும் இன்றும் அதுவே. அனுப்பியவை என்ற அஞ்சல் பெட்டியிலிருந்து இப்படித் திரட்டும் பட்டியலைப் பழைய படியிலிருந்து கிடைத்த தொடர்புப் பட்டியலோடு ஒப்பிட நேர்ந்தால், இரண்டும் பொருந்துவதில்லை. முதலாவதில் உண்மையில் எழுதப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவதில் எழுதுவதாக எண்ணப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மீட்புப் பணியின் உண்மையான கடுமை இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது, ஏனெனில் தொழில்நுட்பம் அதற்கு உதவாது. கவனமாகப் பதிந்து வைக்கப்பட்ட ஒரு பழைய ஆசிரியரின் முகவரிக்கு ஒரு கடிதம்கூடப் போயிருக்காது. அந்தப் பெயர் முன்னால் வந்து நிற்கும்போது, வைத்துக்கொள்வதா நீக்குவதா என்று புதிய கணினி கேட்கும் கேள்வி வேறொரு கேள்வியாகிவிடுகிறது.

தமிழில் பெயர்களைப் பதிந்தவர்களுக்கு இன்னோர் இடர் உண்டு. யூனிகோடு பரவலாவதற்கு முன் டிஸ்கி, 1999இல் சென்னை மாநாட்டில் ஏற்கப்பட்ட டாப், டாம் எனப் பல எழுத்துக் குறியேற்றங்கள், அதாவது எழுத்துகளை எண்களாக மாற்றும் முறைகள், வழங்கின. அவற்றில் எழுதிய பெயர் இன்றைய கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். யூனிகோடிலும் யூடிஎஃப்-8 என்னும் வழக்கமான முறைப்படி ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் இடம் பெறுவதால், அதை அறியாத ஒரு நிரல் மூன்றையும் மூன்று அயல் எழுத்துகளாகக் காட்டிவிடும். இவ்விரு நிலைகளிலும் பெயர் அழியவில்லை, தவறாகப் படிக்கப்படுகிறது, உரிய குறியேற்றத்தைச் சொன்னால் திரும்பிவிடும். ஆனால் அதே பட்டியலை ஆங்கில எழுத்துகளுக்கு மட்டும் இடமுள்ள வடிவில் ஒருமுறை சேமித்துவிட்டால் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கேள்விக்குறியாகிவிடும், அந்தக் கேள்விக்குறியிலிருந்து பெயரை எந்த நிரலாலும் எடுக்க முடியாது. குழம்பித் தெரிவதைக் கெட்டுவிட்டது என்று எண்ணித் தூக்கியெறிவதும், கேள்விக்குறிகளைப் பின்னர் சரிசெய்யலாம் என்று மூலத்தை அழிப்பதும் அடிக்கடி நேரும் பிழைகள்.

மீண்டு வந்த பட்டியலில் ஒருவரே மூன்று நான்கு முகவரிகளோடு நிற்பார். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனத்தால் தொடங்கப்பட்ட பின் வந்த விஎஸ்என்எல் முகவரி ஒன்று, அடுத்துப் பணிபுரிந்த நிறுவனத்தின் முகவரி ஒன்று, வேலை மாறியபோது இன்னொன்று என்று அவை ஒரு வாழ்க்கையின் படிநிலைகளைக் காட்டும். ஒரேபோன்றவற்றை இணைக்கவா என்று மென்பொருள் கேட்கும்போது, பயனற்றுப்போன முகவரிகளை நீக்குவது அறிவுக்கு உகந்ததே. இறந்தவர்களின் முகவரி மட்டும் அந்த அறிவுக்குக் கட்டுப்படுவதில்லை. அதற்கு இனி எழுதப் போவதில்லை. எழுதவும் கூடாது, ஏனெனில் செயலற்ற முகவரிகளைப் பிறருக்கு மீண்டும் வழங்கப்போவதாக யாஹூ 2013இல் அறிவித்ததுபோல, அங்கே முன்பின் அறியாத ஒருவர் இருக்கக்கூடும். இருந்தும் அதைத் தொடர்புகள் என்ற தலைப்பின் கீழேயே விட்டு வைப்பவர்கள் உண்டு. பயன் முடிந்த பின்னும் ஒப்படைத்தது ஒப்படைத்ததுதான் என்று அவர்கள் கருதுகிறார்கள் போலும். அந்தக் கருத்து சரியென்றே தோன்றுகிறது.

பழுதான கணினியைக் கடையில் கொடுக்கும்போது எழும் பொறுப்பும் இதிலிருந்தே வருகிறது. கடைக்காரர் டேட்டா வேண்டுமா, ஃபார்மட் செய்துவிடலாமா என்று கேட்பார்; கொடுப்பவர் தம்முடைய பொருளைப் பற்றி மட்டும் எண்ணி விடை சொல்வார். டிஸ்க்கோடு சேர்ந்து ஐந்நூறு பேரின் முகவரிகளும் அந்நியர் மேசைக்குப் போகின்றன, அந்த ஐந்நூறு பேரில் எவரும் அதற்கு ஒப்புதல் தரவில்லை. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தனிமனிதர் ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகப் பிறர் விவரங்களைக் கையாள்வதைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டது. எனவே வீட்டிலுள்ள ஏட்டுக்கு வீட்டாரின் மனச்சாட்சியே காவல்.

எல்லாம் மீண்டபின் பட்டியலை விகார்டு என்னும் பொதுவடிவில் இரண்டு இடங்களில் சேமித்து, தாளிலும் ஒரு படி அச்சிட்டுக்கொண்டால் பணி முடிந்ததாகத் தோன்றும். பழைய டிஸ்க் மட்டும் மேசையில் கிடக்கும். விரைவு ஃபார்மட் என்பது பொருளடக்கத்தை மட்டும் நீக்குகிறது. எழுத்துகள் அவற்றின் மேல் வேறொன்று எழுதப்படும் வரை தட்டிலேயே இருக்கின்றன, முழுப் பரப்பிலும் மாற்றி எழுதும் வலுவோ அந்த டிஸ்க்குக்கு இல்லை. தட்டுகளைக் கழற்றி உடைக்கத் தெரிந்தவர் கிடைக்கும் வரையில் அதைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல், முடிந்துபோன மொய் நோட்டுகள் இருக்கும் அதே பீரோவின் அடித்தட்டில் வைத்திருக்கலாம்.